கல்லென நாம் எண்ணிய உயிர்: பவளப்பாறைகள் பற்றிய ஒரு பாடம்



உயிர் வகைகளைக் கற்பிக்கும் பாடம் நம் சமயக் கல்வியின் அரிச்சுவடியாகும். நிற்பன, இயங்குவன என்று தொடங்கி, ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக உயிர்களைச் சிறார் வரிசைப்படுத்தி ஒப்பிப்பர். 'நாம் புலால் உண்பதில்லை, இரவில் உண்பதில்லை, நீரை வடிகட்டிப் பருகுகிறோம்' என்று பெருமிதத்தோடு கூறுவர். 'ஆகவே கடல்வாழ் உயிர்களுக்கு நம்மால் யாதொரு தீங்கும் இல்லை' என்று முடித்துவிடுவதும் உண்டு. அம்முடிவு சரியானதுதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். அதற்கென நாம் எடுத்துக்கொண்ட உயிர் பவளம்.

நாம் செய்த பிழை

தியாகதுருகத்தில் கடல் இல்லை. துருகத்து மலையேறி நின்றால் மேற்கே கல்வராயன் மலைத்தொடர் தென்படும். கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கே நெடுந்தொலைவு பேருந்தில் செல்ல வேண்டும். எனவே 1978-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளை இராமேசுவரத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, அவர்களைப் போலவே நாமும் கடலை வியந்து நின்றோம். சங்கும் சோழியும் விற்ற கடையொன்றில், கிளை கிளையாய்ப் பிரிந்து, உடலெங்கும் நுண்துளைகள் கொண்ட வெண்ணிறக் கடற்கல் ஒன்று இருந்தது. பாடத்துக்கு நல்ல துணைக்கருவியாகும் என்று அதனை விலைக்கு வாங்கினோம். அன்று முதல் அது நம் வகுப்பறை மேசைமீது இருந்தது.

பின்னொரு நாள் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அத்துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, 'டீச்சர், இத்தனை ஓட்டைகள் இருக்கின்றனவே, இவற்றுக்குள் யார் குடியிருந்தார்கள்?' என்று வினவினாள். 'யாரும் இல்லையம்மா, இது வெறும் கல்' என்றோம். விடை தெரியாத வினாவுக்கு 'அறிந்து வந்து நாளை சொல்கிறேன்' என்று கூற வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். அன்று அதனை மறந்தோம். அக்குழந்தை கேட்டதே சரியான வினா என்பது பல ஆண்டுகள் கழித்தே நமக்கு விளங்கிற்று. அன்று சொல்லாத விடையை இன்று எழுதுகிறோம்.

பவளம் யாது?

அத்துளைகள் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் குடியிருந்தது. அதன் பெயர் பாலிப். மெல்லிய உடல், நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிச் சிறு விரல்கள் போன்ற உணர்கொம்புகள். இவ்வளவே அதன் உருவம். பெரும்பாலான பாலிப்புகள் சில மில்லிமீட்டர் அளவினவே. அவை கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. ஒன்று பலவாகப் பெருகி, ஒரு கூட்டின்மேல் மறு கூடு எழுந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையாகிறது. குண்டுக்கல் போல் வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். மான்கொம்பு போல் கிளைக்கும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரையிலும் வளர்வதுண்டு.

இவ்வுயிர் தனித்து வாழ்வதன்று. அதன் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்து, பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளமோ பாசிக்கு உறைவிடமும் உரச்சத்தும் தருகிறது. பவளத்தின் வண்ணத்துக்குப் பெரிதும் காரணம் இப்பாசிகளே. ஒளி வேண்டியிருப்பதால் தெளிந்த, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீரிலேயே இவை பாறை கட்டும். உலகக் கடற்பரப்பின் அடித்தளத்தில் பவளப்பாறைகள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் கடல்வாழ் உயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பருவத்தில் இப்பாறைகளைச் சார்ந்து வாழ்கின்றன. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்னும் உமாசுவாமிகளின் கருத்தை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஓர் ஐயத்தையும் நீக்கிவிடுவோம். மோதிரத்திலும் மாலையிலும் பதிக்கும் செம்பவளம் வேறு, பாறை கட்டும் பவளம் வேறு. செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வருவது, பாறை கட்டாதது, மிக மெதுவாக வளர்வது. எனினும் அதுவும் உயிரொன்றின் எலும்புக்கூடே.

நம் நூல்களில் பவளம்

ஜைன ஆகம நூல்கள் நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை, அதாவது பிருதிவி காய ஜீவன்களை, வகைப்படுத்தும்போது மண், மணல், பாறை, உப்பு, உலோகங்கள், மணிகள் ஆகியவற்றோடு பவளத்தையும் சேர்த்துள்ளன. பூமியிலுள்ள கல்லும் உயிருடைத்து என்னும் இக்கொள்கையைக் கேட்டுப் பிறர் நகைத்ததுண்டு. பவளத்தைப் பொறுத்தவரை, அதனை உயிர்ப் பட்டியலில் வைத்த நம் முன்னோரே உண்மைக்கு அருகில் நின்றனர். அதனை வெறும் கல் என்று வகுப்பறையில் சொன்ன நாமே விலகி நின்றோம்.

இன்றைய விலங்கியல் பவளத்தை விலங்கினத்தில் சேர்க்கிறது. அது தொடுதலை உணர்ந்து சுருங்கும். உணர்கொம்புகளால் நுண்ணுயிர்களைப் பற்றி வாய்க்குள் இடும். சங்கு, சிப்பி, புழு முதலியவற்றை நம் நூல்கள் ஈரறிவுயிர் என்கின்றன. தொல்காப்பிய மரபியலும் நத்தை இனத்தை ஈரறிவினதாகவே வகுக்கிறது. பவளத்தையும் அவற்றோடு வைத்தெண்ணுவது பொருந்துமா என்பதை ஆகமம் வல்ல பெரியோர் ஆய்ந்து கூறட்டும். ஓரறிவோ ஈரறிவோ, உயிர் என்பதில் இருதரப்புக்கும் வேறுபாடில்லை.

மன்னார் வளைகுடாவின் பாறைகள்

இந்தியாவில் இலட்சத்தீவு, அந்தமான் நிகோபார் தீவுகள், கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடாவும் அதனையடுத்த பாக் நீரிணைப் பகுதியும் பவளப்பாறைகள் மிகுந்த இடங்களாகும். நம் மாநிலத்துக்கு உரியது மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கரையையொட்டி 21 சிறு தீவுகள் சங்கிலி போல் அமைந்திருந்தன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக அவற்றைப் பிரிப்பர். அத்தீவுகளைச் சுற்றியே பாறைகள் வளர்ந்துள்ளன. 2003 முதல் 2005 வரை நடைபெற்ற ஆய்வில் இங்கே 117 வகைக் கல்பவளங்கள் பதிவாயின.

உலகிலேயே முதன்முதலாகப் பவளப்பாறைகளுக்கெனப் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடிய இடம் நம் மண்டபமே என்பதைப் பலரும் அறியார். 1969-ஆம் ஆண்டு சனவரியில் மண்டபம் முகாமில் அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அக்காலத்திலேயே, இதே வளைகுடாவில், வள்ளங்களில் சென்று கடப்பாரையால் பாறையைப் பெயர்த்துக் கரை சேர்க்கும் தொழிலும் நடந்துகொண்டிருந்தது.

பாறைகளுக்கு நேர்ந்த கேடுகள்

முதற்கேடு கல்லெடுப்பு. பெயர்த்த பவளம் வீட்டுச் சுவருக்கும் சாலைக்கும் கல்லாயிற்று, காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று, ஆலைகளுக்கு மூலப்பொருளாயிற்று. ஆண்டுதோறும் 25,000 டன் அளவுக்குப் பவளம் எடுக்கப்பட்டதாக 1970-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் மதிப்பிட்டனர். பாறை அலையைத் தடுக்கும் அரண். அரண் போனபின் அலை தீவின் மணலை அரித்தது. தூத்துக்குடித் தொகுதியிலிருந்த விலாங்குசல்லித் தீவும், கீழக்கரைத் தொகுதியிலிருந்த பூவரசன்பட்டித் தீவும் இவ்வாறே நீரில் மூழ்கின. 21 என்று படித்த கணக்கு இன்று 19 தான்.

இரண்டாவது கேடு முறையற்ற மீன்பிடிப்பு. அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடிகளும், வெடிவைத்து மீன் கொல்லும் முறையும் பாறைகளை உடைத்தன. கைவிடப்பட்ட நைலான் வலைகள் பவளத்தின்மேல் போர்த்திக்கொண்டு ஒளியை மறைக்கின்றன.

மூன்றாவது கேடு நிலத்திலிருந்து செல்வது. ஆலைக் கழிவு, நகரச் சாக்கடை, வயலின் உரம், காடழிந்த மலையின் மண் ஆகிய யாவும் ஆற்றோடு கடல் சேர்கின்றன. தாமிரபரணியும் வைப்பாறும் மன்னார் வளைகுடாவில் கலக்கின்றன. வண்டல் பவளத்தின் வாயை அடைக்கும். உரச்சத்தோ கடற்பாசிகளை மிகையாக வளர்த்துப் பவளத்தை மூடச் செய்யும். வணிகத்துக்காக அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து வளர்க்கப்பட்ட காப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி, வளர்ப்பிடம் கடந்து குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்ததை 2008-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். நன்மை கருதிச் செய்யும் செயலும் முன்னாய்வின்றிச் செய்தால் ஹிம்சையாய் முடியும் என்பதற்கு அது சான்று.

நான்காவது கேடே இன்று மிகப் பெரிது. அது வெப்பம். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வளிமண்டலத்தில் சேரும் மிகை வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. கோடைக்காலத்து வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலும் பவளத்தால் தாங்க இயலாது. தன்னுள் குடியிருந்த பாசியை வெளியேற்றிவிடும். பாசி நீங்கியதும் வண்ணம் நீங்கி, உள்ளிருக்கும் வெண்சுண்ணாம்பு தெரியும். இதனை வெளிறுதல் என்பர். வெளிறியவுடன் பவளம் இறப்பதில்லை. அது பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடிபுகும், தணியாவிடின் இறக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-இல் பவளங்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தும், 2016-இல் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறும் இவ்வாறு மாண்டன. உலகளாவிய நான்காவது பெருவெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. புவியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரைப் பாகை உயர்ந்தால் பவளப்பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரையும், இரண்டு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ அனைத்தும் அழியும் என்று பன்னாட்டு அறிஞர் குழு 2018-இல் எச்சரித்தது.

நாம் இராமேசுவரத்தில் வாங்கிய துண்டு ஏன் வெண்ணிறமாயிருந்தது என்பது இப்போது சிறார்க்கு விளங்கும். அது அதன் இயல்பான நிறமன்று. பாசியும் இல்லை, பாலிப்பும் இல்லை, எஞ்சியது எலும்பு.

காக்கும் முயற்சிகள்

1986-ஆம் ஆண்டு 21 தீவுகளையும் சூழ்கடலையும் உள்ளடக்கி, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு பவளத்துக்கும் கிடைத்தது. எனினும் சட்டம் வந்த மறுநாளே கடப்பாரை ஓயவில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், பாறையும் தீவும் கரைக்கு அரண் என்பதை மக்கள் கண்கூடாக உணர்ந்தனர், கண்காணிப்பும் வலுத்தது. 2005-க்குப் பின்னரே கல்லெடுப்பு ஓய்ந்தது.

2001 முதல் ஆண்டுக்கு 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2017-இல் அது 61 நாட்களாயிற்று. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை அத்தடை நடைமுறையில் உள்ளது. மழைக்காலத்தில் உயிர்கள் பெருகும் என்று கருதி நம் முனிவர் ஓரிடத்தில் தங்கி நடையைச் சுருக்குவர். கடலிலும் உயிர்கள் பெருகும் பருவத்தில் மனிதர் சற்றே விலகி நிற்க வேண்டும் என்பதே இத்தடையின் கருத்து.

சட்டத்துக்கு மேலான ஒன்றும் அங்கே நிகழ்ந்தது. பாம்பனையடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளருகே மூழ்கிக் கடற்பாசி சேகரித்துப் பிழைப்பவர்கள். அவர்கள் தாமே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று வரம்பு வகுத்துக்கொண்டனர். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் எடுப்பதில்லை என்றனர். அப்பெண்களின் தலைவியருள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு விருது வழங்கப்பட்டது.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். உணவுக்காக உயிர்கொல்வதை நம் அறம் ஏற்பதில்லை. கடற்றொழிலை நாம் மேற்கொள்வதும் இல்லை. ஆயினும் நாள்தோறும் கடலையே நம்பி அடுப்பெரிக்கும் அத்தாய்மார் தம் வருவாய்க்குத் தாமே ஓர் எல்லை கட்டினர். பரிக்கிரகப் பரிமாணம் என்று நாம் நூலில் படிப்பதை அவர்கள் கழுத்தளவு நீரில் நின்று கைக்கொண்டனர்.

மீட்கும் முயற்சிகள்

அழிந்த பாறையை மீண்டும் வளர்க்க இயலுமா? ஓரளவு இயலும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. முறை நம் தோட்டத்தில் பதியன் வைப்பதை ஒத்தது. நலமாக வளர்ந்த பவளத்திலிருந்து விரலளவு துண்டுகளை எடுத்து, சிறு சிமெண்டுத் தட்டுகளில் கட்டி, அத்தட்டுகளைக் கடலடியில் சிமெண்டுச் சட்டங்கள்மீது வைக்கின்றனர். மூழ்காளர் அடிக்கடி சென்று பாசியையும் வண்டலையும் நீக்கி, வளர்ச்சியை அளந்து வருவர். நாளடைவில் துண்டு தட்டையே மூடிப் படர்ந்து, மீன்களும் நண்டுகளும் அங்கே குடியேறுகின்றன. விரைந்து வளரும் கிளைப்பவளங்களே இதற்கு மிகவும் ஏற்றவை.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு அரிப்பினால் பெரும்பகுதியை இழந்து, 2015 அளவில் ஓரிரு ஹெக்டேராகச் சுருங்கி, மூன்றாவதாக மூழ்கும் தீவாகும் நிலையில் இருந்தது. அவ்வாண்டு முதல் தமிழ்நாடு அரசு, அறிவியலாளரின் துணையோடு, துளைகள் கொண்ட சிமெண்டுக் கட்டமைப்புகளைத் தீவுக்கு முன்னே கடலடியில் வரிசையாக இறக்கியது. இறக்கியவை பத்தாயிரத்துக்கும் மேல். அவை அலையின் வேகத்தைத் தணித்தன, மணல் மீண்டும் சேர்ந்தது, தீவு நிலைபெற்றது. அக்கட்டமைப்புகள்மீது பவளத் துண்டுகளும் நடப்பட்டன. அதன் அண்டையிலுள்ள கரியாச்சல்லித் தீவுக்கும் இம்முறையையே அரசு மேற்கொண்டுள்ளது.

இவை போற்றத்தக்க பணிகள். ஆயின் இவற்றின் எல்லையையும் அறிய வேண்டும். பல ஆண்டுகள் பேணி நட்டு வளர்த்த பவளம் ஒரு கோடையின் வெப்பத்தில் வெளிறி இறக்கக்கூடும். கடப்பாரையைச் சட்டத்தால் தடுத்தனர். அலையைச் சிமெண்டால் தடுத்தனர். வெப்பத்தைத் தடுக்க அக்கடற்கரையில் நிற்போரால் இயலாது. அது அடுப்பும் விளக்கும் ஊர்தியும் உடைய எல்லா ஊர்களின் பொறுப்பு. தியாகதுருகமும் அவற்றுள் ஒன்று.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

ஹிம்சை மூவழியாக நிகழும் என்று நம் அறநூல்கள் கூறும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகியவை அம்மூவழி. நாம் கடப்பாரை ஏந்திக் கடலில் இறங்கியதில்லை. ஆனால் இராமேசுவரத்துக் கடையில் காசு கொடுத்தபோது, இன்னொரு துண்டைப் பெயர்த்துவர ஒருவரை ஏவினோம், அது செய்வித்தல். கல்லென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது, அவர்களும் வாங்கலாம் என்று இசைவு தந்தோம், அது உடன்படுதல். தேவையின்றி எரியும் விளக்கினாலும் ஓடும் ஊர்தியினாலும் கடலைச் சூடேற்றும்போது, அறியாமலேயே செய்தலும் சேர்கிறது. 'கடல்வாழ் உயிர்களுக்கு நம்மால் தீங்கில்லை' என்ற முடிவு ஆகவே சரியன்று. புலால் உண்ணாமை அகிம்சையின் வாயில், வாயிலிலேயே நின்றுவிடலாகாது.

பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்தலை விலக்குவது அனர்த்த தண்ட விரதம். மண்ணை வீணே அகழ்தல், நீரை வீணே கொட்டல், தீயை வீணே மூட்டல் ஆகியவற்றை அது தடுக்கிறது. பவளத்தைக் காப்பதற்கு இல்லறத்தார் புதிய விரதம் ஏதும் ஏற்க வேண்டியதில்லை. ஏற்றதைக் கருத்தோடு காத்தால் போதும். நம் வீடுகளில் செய்யத்தக்கவை வருமாறு:

1. யாத்திரை செல்லுமிடங்களில் பவளத் துண்டு, சங்கு, சிப்பி ஆகியவற்றை அலங்காரப் பொருளாக வாங்காதிருத்தல். பவளத் துண்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படியும் குற்றமாகும்.

2. நவமணி மோதிரம் செய்வோர், அதிலுள்ள செம்பவளமும் உயிரொன்றின் கூடே என்பதை எண்ணிப் பார்த்தல்.

3. மின்சாரமும் எரிபொருளும் தேவையளவுக்கே பயன்படுத்துதல். விழாக்களில் தேவைக்கு மிஞ்சிய விளக்கலங்காரத்தைக் குறைத்தல். வசதியுள்ள ஆலயங்களின் துணைக் கட்டடங்களில் கதிரொளி மின்தகடு அமைத்தல்.

4. மண்ணையும் நீரையும் காத்தல். நம் மணிமுத்தாறும் கோமுகியும் கல்வராயன் மலையில் தோன்றி, வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டையருகே கடல் சேர்கின்றன. அம்முகத்துவாரத்தில் பவளப்பாறை இல்லை. ஆனால் அங்கும் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன. மலையில் மரம் நின்றால் மண் நிற்கும். ஆற்றில் நெகிழி எறியாதிருந்தால் கடல் தூய்மையாகும். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் மலைக்குச் செல்லும் அன்பர்கள் நெகிழிப் பைகளைக் கொண்டு செல்லாதிருப்பதிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.

5. அறநெறி வகுப்புகளில் நிலவுடல் உயிர்களைக் கற்பிக்கும்போது, பவளத்தைத் தவறாது விளக்குதல்.

நிறைவாக

அறியாமல் செய்த பிழையை நினைந்து, வாய்விட்டுக் கூறி, இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வதே பிரதிக்கிரமணம். அத்துண்டு நாம் பணியாற்றிய பள்ளியின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. வினாவிய மாணவி இன்று எவ்வூரில் இருக்கிறாளோ அறியோம். அவளுக்கும் இன்று பள்ளி செல்லும் மக்கள் இருக்கக்கூடும். அவளுக்குரிய விடை இது: அம்மா, அத்துளைகள் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் இருந்தது, அதனோடு பாசியும் குடியிருந்தது, அவற்றை அங்கிருந்து நீக்கியவருள் உன் ஆசிரியையும் ஒருத்தி. எங்களைப் பொறுத்தருள்க.

சிறார்க்கான வினாக்கள்

1. பவளத்துக்கும் அதனுள் வாழும் பாசிக்கும் உள்ள உறவினை விளக்குக.

2. பவளம் வெளிறுதல் என்றால் என்ன? வெளிறிய பவளம் மீள்வது எப்போது?

3. மன்னார் வளைகுடாவில் மூழ்கிய இரு தீவுகள் யாவை? அவை மூழ்கியதற்குக் காரணம் யாது?

4. சின்னப்பாலத்துப் பெண்கள் வகுத்துக்கொண்ட வரம்பு யாது? அது நம் விரதங்களுள் எதனோடு ஒப்பிடத்தக்கது?

5. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றுக்கும் உன் வீட்டிலிருந்தே ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருக. விடையைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! வளர்க ஜின தர்மம்!